இரும்பு தர முடியாது, வேறு வழி பாருங்கள்

பொட்டோமாக் ஆற்றுக்கு இக்கரையில் வாஷிங்டன், அக்கரையில் பென்டகன். அமெரிக்க ராணுவத்தின் தலைமையகமான அந்த ஐங்கோணக் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஏறுவதற்கு அகலமான கான்கிரீட் சாய்தளங்கள் உண்டு. கட்டிய காலத்தில் லிஃப்டுகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, ஆட்களை இந்தச் சாய்தளங்களில் நடக்கவிட்டார்கள். ஊழியர்களுக்கு உடற்பயிற்சி தேவை என்று யாரும் கவலைப்படவில்லை. லிஃப்டுக்கு எஃகு வேண்டும். எஃகு அப்போது இரண்டாம் உலகப் போருக்கான கப்பலுக்கும் டாங்கிக்கும் போய்க்கொண்டிருந்தது.

1941 செப்டம்பர் 11 அன்று தொடங்கிய வேலை 1943 ஜனவரி 15இல் முடிந்தது. பதினாறே மாதங்கள். ஆற்றுப் படுகையிலிருந்து 6,80,000 டன் மணலும் கூழாங்கல்லும் அள்ளிக் கான்கிரீட்டாக்கினார்கள். வெண்கலக் கதவு, செம்பு வேலைப்பாடு, கழிப்பறையின் உலோகத் தடுப்பு என்று ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து அடித்தார்கள். இப்படி மிச்சம் பிடித்த எஃகு 43,000 டன் என்றும், ஒரு போர்க்கப்பல் கட்ட அது தாராளமாகப் போதும் என்றும் பிறகு கணக்குச் சொன்னார்கள். நாட்டின் ராணுவமே தனக்குக் கட்டிக்கொண்ட கட்டடத்துக்கு இந்தக் கதி என்றால், ஊரில் வீடு கட்ட நினைத்தவரின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

அவருக்கும் ஓர் ஆணை வந்தது. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கு முன்பே, 1941 அக்டோபரில், அத்தியாவசியம் அல்லாத புதுக் கட்டுமானங்களுக்கு முக்கிய உலோகங்கள் கிடைக்காது என்று அமெரிக்க அரசு அறிவித்துவிட்டது. பிறகு 1942 ஏப்ரல் 9 அன்று போர் உற்பத்தி வாரியம் ‘எல்-41’ என்ற ஆணையை வெளியிட்டது. அனுமதி இல்லாமல் வீட்டு வேலை செய்தால் 500 டாலருக்குள் இருக்க வேண்டும். பண்ணைக் கட்டடம் என்றால் 1,000 டாலர். கடை, தொழிற்சாலை, சாலை போன்றவற்றுக்கு 5,000 டாலர். பழுது பார்ப்பதற்கும் பராமரிப்புக்கும் தடை இல்லை. அடுத்த மாதமே இன்னோர் ஆணை, 400க்கும் மேற்பட்ட பொருள்களில் இரும்பையும் எஃகையும் பயன்படுத்தக் கூடாது என்றது. செம்புக்கு அதற்கு முன்பே தனி ஆணை.

விலையை ஏற விட்டிருந்தால் தேவை தானாகக் குறைந்திருக்குமே என்று கேட்கலாம். குறைந்திருக்கும்தான். ஆனால் காசு உள்ளவர் நீச்சல் குளம் கட்டியிருப்பார், கப்பல் தளம் காத்துக் கிடந்திருக்கும். அரசின் கவலை டாலரைப் பற்றியதே அல்ல, டன்னைப் பற்றியது. அந்த டன் கணக்கும் முதலில் குளறுபடியானது. அவசர வேலைகளுக்கு முன்னுரிமைச் சீட்டு கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே போனதில் கையிருப்பில் உள்ள எஃகைவிடச் சீட்டு அதிகமாகிவிட்டது. எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரம் இல்லை என்றாகிவிடும் அல்லவா? கடைசியில் 1942 நவம்பரில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். எஃகு, செம்பு, அலுமினியம் என்ற மூன்றை மட்டும் அளந்து பங்கிடுவது. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் எந்திரம் ஓடுவதும் அரிது, பெரிய கட்டடம் எழுவதும் அரிது. இவற்றைப் பிடித்தால் மற்றவை தாமே பிடிபடும். நூற்றுக்கணக்கான தடைகளைவிட இந்த மூன்று குழாய்களைத் திருகிப் பிடித்ததுதான் உண்மையில் வேலை செய்தது.

தடை அதிகாரிகளின் கையில் பிறந்தது. சிக்கல் பொறியாளர்களின் மேசைக்கு வந்தது. ஒரு கட்டடத்தில் எஃகு எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து அவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பழக்கத்துக்காகப் போட்ட எஃகு எவ்வளவு, அது இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்ற எஃகு எவ்வளவு? வசதியான காலத்தில் யாரும் கேட்காத கேள்வி இது.

அடிப்படை எளிமையானது. கான்கிரீட்டை அழுத்தினால் மலைபோல் தாங்கும். இழுத்தால் அந்த வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். உத்திரத்தின் மேல் பாரம் ஏறும்போது அது லேசாகத் தொய்கிறது. மேல்பகுதி அழுந்துகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்கத்தான் அடியில் கம்பி. வெயிலில் கான்கிரீட்டும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இரண்டும் சண்டை போடாமல் சேர்ந்திருக்கின்றன. ஆக, எஃகைக் குறைக்க இரண்டு வழிகள். இழுவிசையே வராதபடி வடிவத்தை மாற்றலாம். அல்லது இழுவிசையை வேறு எதன் தலையிலாவது கட்டலாம்.

மூன்றாவதாக ஒரு வழியைப் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே 1928இலேயே காப்புரிமை செய்து வைத்திருந்தார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழுக்கக் காய்ச்சிய பட்டையை மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை குளிர்ந்து சுருங்கி மரத்துண்டுகளை இறுக்கும். பாரம் வருவதற்கு முன்பே சக்கரம் அழுத்தத்தில் இருக்கிறது. அதையே கான்கிரீட்டில் செய்தால் முன்னழுத்தக் கான்கிரீட். கம்பியை இழுத்துப் பிடித்து, கான்கிரீட்டோடு பூட்டி, விட்டுவிட வேண்டியதுதான். பாரம் ஏறும்போது வரும் இழுவை, முன்பே கொடுத்த அழுத்தத்தைத் தின்று தீர்க்கவே நேரம் போய்விடும்.

ஆனால் சாதாரணக் கம்பி இதற்கு ஆகாது. கான்கிரீட் நாளாவட்டத்தில் சுருங்கும், பாரத்தில் மெல்ல மெல்ல இளகும். சாதாரண எஃகை இழுக்கக்கூடிய அளவே குறைவு. அந்தச் சுருக்கத்திலேயே இழுவை முழுதும் தொலைந்துபோகும். மிக வலிமையான மெல்லிய கம்பி என்றால் நிறைய இழுக்கலாம். கொஞ்சம் போனாலும் மிச்சம் நிற்கும். ஃப்ரெய்சினே கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான். எஃகின் எடையும் வெகுவாகக் குறைந்தது. தட்டுப்பாடு வந்ததும் இந்த யோசனைக்குத் திடீர் மவுசு. குண்டுவீச்சில் பாலங்கள் உடைந்தால் உடனே தூக்கி வைக்க, பிரிட்டனில் முன்னழுத்தக் கான்கிரீட் உத்திரங்களை வார்த்துக் கையிருப்பில் வைத்தார்கள். மார்ன் ஆற்றின் மேல் லுசான்சியில் 55 மீட்டர் நீளத்துக்கு ஃப்ரெய்சினே 1941இல் தொடங்கிய பாலம், போர் குறுக்கிட்டதால் 1946இல்தான் முடிந்தது.

அமெரிக்கக் கடற்படைக்கு வேறு தலைவலி. கரையோரக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடிய காலம். அவற்றைக் கண்காணிக்க, ஹீலியம் நிரப்பிய ‘கே’ வகைக் காற்றுக்கப்பல்களைப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 77 மீட்டர் நீளம். இவற்றை நிறுத்தக் கொட்டகை வேண்டும்; நடுவில் ஒரு தூணும் இருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் மொஃபெட் தளத்தில் 1933இல் இப்படி ஒரு கொட்டகையை எஃகில்தான் கட்டியிருந்தார்கள். இப்போது எஃகு கிடையாது. அதனால் 1942, 43இல் பதினேழு கொட்டகைகளை மரத்தில் கட்டினார்கள்.

ஓரிகன் மாநிலத்தின் டில்லமூக்கில் அவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. இப்போது அது விமான அருங்காட்சியகம். நீளம் 327 மீட்டர், அகலம் 90 மீட்டர், உயரம் 58 மீட்டர். ஏழு ஏக்கருக்கு மேல் ஒரே கூரை, டக்ளஸ் ஃபிர் மரத்தில். மரத்தில் இவ்வளவு பெரிய வளைவா என்று வியப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் எளிதில் அறுபடாது. எடைக்கு எடை பார்த்தால் எஃகோடு போட்டி போடும். மரக்கட்டுமானத்தின் பலவீனம் மரத்தில் இல்லை, மூட்டில் இருக்கிறது.

இரண்டு மரங்களைத் துளையிட்டு போல்ட் போட்டு இணைக்கிறோம் என்று வையுங்கள். மரத்துக்கு மரம் பாரம் கடக்க வேண்டிய இடம் அந்த போல்ட்டின் பக்கவாட்டுப் பரப்பு மட்டுமே. விரல் தடிமனுக்கு ஒரு கம்பி. பாரம் கூடினால் போல்ட் ஒன்றும் ஆகாமல் இருக்கும். மரம்தான் நசுங்கும், அல்லது நார் வழியே பிளந்துகொள்ளும். அதைத் தடுக்க இன்னும் நாலு போல்ட் போட்டால் நாலு துளை. மரம் இன்னும் இளைத்துவிடும். அதனால்தான் பழைய தச்சர்கள் மூட்டுக்காகவே தேவைக்கு மேல் தடித்த மரம் போட்டார்கள்.

இதற்கு மாற்று ஒரு வளையம். ஐரோப்பாவில் பிறந்து 1930களில் அமெரிக்காவுக்கு வந்த உத்தி இது. மரங்கள் சேரும் இரண்டு முகங்களிலும் வட்டமாக ஒரு காடி வெட்டுவார்கள். இரண்டரை அங்குலமோ நான்கு அங்குலமோ விட்டமுள்ள எஃகு வளையத்தைப் பாதி இந்த மரத்திலும் பாதி அந்த மரத்திலும் உட்காரும்படி வைத்து மூடுவார்கள். நடுவில் ஒரு போல்ட். அதன் வேலை இரண்டையும் பிரியாமல் பிடிப்பது மட்டும். பாரத்தை வளையம்தான் கடத்துகிறது, விரல் அகலத்துக்குப் பதில் உள்ளங்கை அகலத்தில். வளையத்துக்கு உள்ளே இருக்கும் மரமும் பாரம் தாங்குகிறது, வெளியே இருக்கும் மரமும் தாங்குகிறது. வளையம் முழு வட்டமும் அல்ல; ஓரிடத்தில் வெட்டி விட்டிருப்பார்கள். மழையில் மரம் ஊதினாலும் வெயிலில் வற்றினாலும் கூடவே விரிந்து சுருங்கிக் காடியை விட்டு நழுவாமல் இருக்க அந்த வெட்டு. கைக்குள் அடங்கும் இந்தச் சின்ன இரும்புதான் டன் கணக்கான எஃகை மிச்சப்படுத்தியது. கட்டுமான வரலாறு எழுதுபவர்கள் கொட்டகையின் உயரத்தை வியந்த அளவுக்கு இதை வியந்ததாகத் தெரியவில்லை.

மரத்துக்கும் பிறகு பஞ்சம் வந்தது தனிக் கதை. எஃகுக்குப் பதில் மரம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கடல் கடந்து போன தளவாடங்களை அடைக்கப் பெட்டிகளும் லட்சக்கணக்கில் வேண்டியிருந்தன. விரைவிலேயே மரமும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

எல்லா மாற்றும் இப்படிக் கைகொடுக்கவில்லை. கம்பிக்குப் பதில் மூங்கில் போட்டால் என்ன என்று தென் கரோலினாவின் கிளெம்சன் கல்லூரியில் 1940களில் சோதனை செய்தார்கள். மூங்கிலை இழுத்து அறுப்பது லேசில் முடியாது. காகிதத்தில் கணக்குப் போட்டால் பிரமாதமாக வரும். கான்கிரீட்டுக்குள் போனதும் கதை மாறியது. ஈரக் கான்கிரீட்டில் மூங்கில் தண்ணீர் குடித்து உப்பும். அந்த உப்பலில் இளங்கான்கிரீட் வெடிக்கும். பிறகு காய்ந்து சுருங்கும்போது மூங்கிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து பிடிப்பு போய்விடும். இன்னொன்று, மூங்கில் எஃகைவிடப் பத்து மடங்கு அளவுக்கு இளக்கமானது. அறுபடாமல் இருக்கும், ஆனால் நீளும். அது நீள்வதற்குள் கான்கிரீட்டில் விரிசல் விழுந்திருக்கும். வலிமை வேறு, விறைப்பு வேறு. இன்றும் மூங்கில் கான்கிரீட் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

செம்பின் கதை இன்னும் விசித்திரம். பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைக்கு அவ்வளவு செம்பும் போனதால் 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தையே துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அதே நேரத்தில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் ரகசியமாக ஒரு பெரிய ஆலை எழுந்துகொண்டிருந்தது. யுரேனியத்தின் இரண்டு வகை அணுக்களையும் மின்னேற்றி, காந்தப் புலத்தில் ஓடவிட்டால், எடை குறைந்தது கொஞ்சம் கூடுதலாக வளையும். அங்கே கிண்ணம் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். சொல்வதற்கு அவ்வளவுதான். செய்வதற்குப் பூதாகாரமான மின்காந்தங்கள் வேண்டும். அவற்றின் சுருள்களுக்கு ஆயிரக்கணக்கான டன் செம்பு வேண்டும்.

செம்பு இல்லை. ஆனால் செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் ஒன்று அரசின் கருவூலத்தில் சும்மா கிடந்தது: வெள்ளி. 1942 ஆகஸ்டில் ராணுவப் பொறியாளர் கென்னத் நிக்கல்ஸ் கருவூலத்துக்குப் போய் ஆயிரக்கணக்கான டன் வெள்ளி கடனாக வேண்டும் என்றார். இங்கே வெள்ளியை டன்னில் பேசும் வழக்கம் இல்லை, ட்ராய் அவுன்ஸில்தான் பேசுவோம் என்று அங்கிருந்த அதிகாரி டேனியல் பெல் திருத்தினாராம். எதற்கு என்று சொல்லாமலே 14,700 டன் வாங்கினார்கள். உருக்கி, பட்டையாக்கி, சுருளாகச் சுற்றினார்கள். துளையிடும்போது விழும் பொடியைப் பிடிக்கக் கீழே காகிதம் விரித்தார்கள். போர் முடிந்து எந்திரங்களைப் பிரித்தபோது, தரைப் பலகைகளைப் பெயர்த்து எரித்து, சாம்பலிலிருந்தும் வெள்ளியைப் பிரித்து எடுத்தார்கள். கடைசித் தவணை 1970இல்தான் கருவூலத்துக்குத் திரும்பியது. தொலைந்தது மிகச் சொற்பம். தட்டுப்பாடு என்றால் மலிவான பொருளுக்கு இறங்குவது என்றுதான் நினைப்போம். இங்கே மலிவான உலோகம் கிடைக்காததால் விலையுயர்ந்த உலோகத்துக்கு ஏறினார்கள்.

பென்டகன் வேலையை மேற்பார்த்த லெஸ்லி குரோவ்ஸ்தான் அடுத்து இந்த அணுகுண்டுத் திட்டத்துக்கும் தலைவரானார். ஓக் ரிட்ஜ் ஊழியர்கள் குடியிருக்கக் கட்டிய சுமார் 3,000 வீடுகளிலும் தட்டுப்பாட்டின் முத்திரை இருந்தது. சுவருக்குச் செங்கலும் இல்லை, மரப்பலகையும் இல்லை. ‘செமெஸ்டோ’ என்ற தகடு. கரும்புச் சக்கையை அழுத்திய பலகை நடுவில், இரு பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட். லேசு, வேகம், சூடு தாங்கும், தீப்பிடிக்காது. அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் அதிசயப் பொருள். அதன் இழை நுரையீரலில் குத்திக்கொண்டு பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வரும் என்ற கணக்கைப் போர்க்கால அவசரத்தில் யாரும் போடவில்லை. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கலிபோர்னியாவின் டஸ்டினில் இருந்த இரண்டு மரக் கொட்டகைகளில் ஒன்று 2023 நவம்பரில் எரிந்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் துகள் சுற்றுப்புறத் தெருக்களில் பறந்து விழ, பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. டில்லமூக்கின் இன்னொரு கொட்டகையும் 1992இல் வைக்கோல் அடைத்திருந்தபோது எரிந்து போனது. தடித்த மரம் தீயில் மெதுவாகத்தான் கரியும். மேலே படியும் கரியே உள்ளே சூடு போகாமல் காக்கும். ஆனால் அந்த நியாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

எதிர் முகாமில், இத்தாலியில், பியர் லூயிஜி நெர்வி வேறு பாதையில் போனார். எத்தியோப்பியா மீது படையெடுத்த முசோலினிக்கு 1935இல் பன்னாட்டுத் தடை விழுந்தது. சொந்தச் சரக்கிலேயே பிழைக்க வேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று. இரும்பு இறக்குமதிச் சரக்கு. விமானப் படைக்கு நெர்வி கட்டிய முதல் கொட்டகைகளில் கான்கிரீட் விலா எலும்புகளை வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டார். அழகு, ஆனால் அவற்றை வார்க்கும் சென்ட்ரிங்குக்கே ஒரு காடு மரம் தேவைப்பட்டது. அடுத்த தொகுதியில், 1939 முதல், விலா எலும்பைத் தரையிலேயே துண்டு துண்டாக வார்த்து மேலே தூக்கி இணைத்தார். மரமும் மிச்சம், எஃகும் மிச்சம். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அவற்றைத் தகர்த்தது. கூரைகள் கீழே விழுந்தும் மூட்டுகள் பெரும்பாலும் விடாமல் நின்றதைக் கண்டு நெர்விக்கே திருப்தி என்று சொல்வார்கள்.

1943இல் அவர் காப்புரிமை பெற்ற பெரோசிமென்ட் அதைவிடத் துணிச்சலானது. தடித்த கம்பிக்குப் பதில் மெல்லிய கம்பி வலையைப் பல அடுக்கு அடுக்கி, ஜல்லி இல்லாத சிமென்ட் கலவையைத் தேய்த்துப் பூசுவது. எஃகு ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவியிருப்பதால், விரிசலும் ஓரிடத்தில் வாய் பிளக்காது. கண்ணுக்குத் தெரியாத நூறு கீறலாகப் பிரிந்துவிடும். தண்ணீர் உள்ளே புகாது. நம்பாதவர்களுக்காக 1945இல் 165 டன் கப்பலையே அதில் கட்டிக் கடலில் விட்டார். உடலின் தடிமன் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. சில ஆண்டுகளில் டூரின் கண்காட்சி மண்டபத்தின் கூரை அதே பொருளில் எழுந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் கூரைத் தகடும் தொட்டியும் செய்வதற்கு இதே பெரோசிமென்ட் கைகொடுத்தது. அங்கே காரணம் போர் அல்ல, செலவு.

சண்டை நின்றதும் தடைகளும் நின்றுவிடவில்லை. அமெரிக்கா 1945 அக்டோபரில் எல்-41ஐ நீக்கியது. ஊர் திரும்பிய வீரர்களுக்கு வீடு போதவில்லை என்றதும் 1946 மார்ச்சில் கடை, தியேட்டர் கட்டுவதற்கு மறுபடி கட்டுப்பாடு போட்டது. பிரிட்டனில் கட்டட உரிமம் 1954 நவம்பர் வரை நீடித்தது. இந்தியாவில் போர்க்காலத்தில் வந்த சிமென்ட் கட்டுப்பாடு, நடுவில் சில காலம் தளர்ந்தாலும், 1982இல் பாதியும் 1989இல் மீதியுமாகத்தான் போனது. பர்மிட் சிமென்ட்டுக்காக மனு எழுதிய தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது.

பிரிட்டனில் 1945 முதல் 1949 வரை 1,56,623 தற்காலிக வீடுகளை அரசு கட்டிக்கொடுத்தது. அதில் 54,500 வீடுகள் அலுமினியத்தில் ஆனவை. போர்க்காலத்தில் வீட்டுக்குத் தொடக்கூட முடியாத உலோகம் அது. இப்போது போர் விமானத் தொழிற்சாலைகள் வேலையில்லாமல் கிடந்ததால், அதே தொழிலாளர்கள் அதே அலுமினியத்தில் வீடு செய்தார்கள். தொழிற்சாலையில் நான்கு துண்டாகத் தயாராகி லாரியில் வரும். சமையலறையில் குளிர்பதனப் பெட்டியோடு. அப்போது பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகளில் அது கிடையாது. இந்தத் தற்காலிக வீடுகளுக்கு அரசு குறித்த ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். குடிவந்தவர்கள் பலர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் காலி செய்ய மறுத்தார்கள்.